விளக்கு அணைக்கும் இடத்தில்

குக்வில், டென்னஸி
14 மே 1997

அன்புள்ள அப்பாவுக்கும் யோகா அக்காவுக்கும்,

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் எல்லோருக்கும் குறை வராமல் நல்லூர்க் கந்தன் பார்த்துக்கொள்ளட்டும்.

போன சனிக்கிழமை நாஷ்வில் நகரத்துக்குப் போயிருந்தேன். அப்பா, அங்கே கிரேக்கர்களின் கோயிலை அப்படியே அச்சாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நாற்பது அடிக்கு மேல் உயரமான ஒரு பெண் தெய்வம். கையில் ஈட்டி, கேடயம், பக்கத்தில் பாம்பு. நம்முடைய காளியம்மனுக்குத் தூரத்து உறவு என்று நினைக்கிறேன். பூசை இல்லை, டிக்கெட் மட்டும் உண்டு.

அதற்கு முந்தின மாதம் மெம்பிஸ். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஐந்து வாத்துகள் லிஃப்டில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் நடந்து, நடுக்கூடத்து நீர்த்தொட்டிக்குள் குதிக்கும். மாலை ஐந்துக்குத் திரும்ப லிஃப்ட் ஏறி மேல்மாடிக்குப் போய்விடும். கூட்டம் கூடி நின்று பார்க்கிறது.

இனிப் போக இருப்பது சட்டனூகா. அங்கே ஒரு மலை, மேலே நின்றால் ஏழு மாநிலம் தெரியுமாம், அதற்குள்ளேயே அருவி விழுகிறது. லிஃப்டில் இருநூறு அடிக்கு மேல் கீழே இறங்கி, குகைக்குள் நடந்து போகவேண்டும். அருவிக்குக் கிட்டப் போனதும் வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார். பிறகு ஒரேயடியாக வெளிச்சம் போடுவார். பார்த்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

மூன்று படத் தபாலட்டைகள் இதற்குள் வைத்திருக்கிறேன். அப்பாவின் சுவரில் ஒட்டுங்கள். ஹோட்டல் வேலையெல்லாம் நன்றாகப் போகிறது. அத்தானுக்கும் மருமகள் வித்தியாவுக்கும் என் அன்பு.

வசீகரன்


மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து
27 மே 1997

அன்புத் தம்பி வசீக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். கண்ணில் புரை முற்றிவிட்டது, உன் கோழிக் கிறுக்கல் அவருக்குத் தெரிவதில்லை. ஆனால் உறையை மட்டும் தானே வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். சாவகச்சேரியில் முப்பது வருடம் தபால் அதிபராக இருந்த பழக்கம், விடுமா?

வாத்து நடப்பதை வாசித்தபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தைப் பார்க்க முந்நூறு மைல் போகிறவனுக்கு, பெற்றவளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வர முடியவில்லை. "லீவு தரமாட்டேன் என்கிறார்கள்" என்று நான்கு வரி எழுதினாய். ஒரே ஆண்பிள்ளை நீ இருக்க, உன் அத்தான் கொள்ளி வைத்தார். சனம் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குத் தெரியுமா? நானும் லீவு என்றுதான் சொன்னேன்.

ஜூலையில் ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கும் நீ வரமாட்டாய், தெரியும். போன் எடுத்தால் எந்த நேரமும் யாரோ ஒருவர் எடுத்து நீ வெளியே என்கிறார். அப்பா நேற்றுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆராவது ஒருத்தர் போய் அவனைக் கண்ணாலை பார்த்திட்டு வாங்கோ. எனக்கு மனம் சரியில்லை."

ஆகவே நானே வருகிறேன். குடியுரிமை கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, கையில் இலங்கைப் பாஸ்போர்ட்தான். விசாவுக்குப் போடவேண்டும். விண்ணப்பப் பாரத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா
யோகராணி


குக்வில்
9 ஜூன் 1997

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரவேண்டாம்.

ஏனென்றால் இது வரக்கூடிய காலம் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுழல்காற்று வந்தால் சைரன் ஊதும், குளியலறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளவேண்டும். கிழக்கே மலைக்காட்டில் கரடிகள், அவை காரின் கதவைத் திறக்கும். செம்பு நிறத்தில் ஒரு பாம்பு, சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. மலைக்குள் இருக்கும் அருவியைப் பற்றி எழுதினேனே, நீங்கள் கடைத்தெருவில் லிஃப்ட் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவர். அந்தக் குகையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கமாக நடக்க இடமில்லை. சோறும் கிடைக்காது.

மிசிசிப்பி ஆறும் இப்போது கலங்கிக் கிடக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை.

இரண்டு வருடம் போகட்டும், நானே வருகிறேன். அப்பாவை இப்படிச் சமாதானப்படுத்துங்கள். பாரத்தை நிரப்பவேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வசீகரன்


மவுண்ட் ரோஸ்கில்
23 ஜூன் 1997

வசீக்கு,

யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து வந்தவள் நான். என் மடியில் நாலு வயதுப் பிள்ளை, மேலே ஹெலிகொப்டர். எனக்குக் கரடி கதை சொல்கிறாய்.

நீ எதையோ மறைக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். வெள்ளைக்காரி யாரையாவது கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றிருந்தால் சொல்லித் தொலை, அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார், மூன்றாம் நாள் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்பார். அக்கா வந்து உன் பெரிய மனிதர்களுக்கு முன் சேலையோடு நின்றால் வெட்கம் என்றால் அதையும் சொல். எது என்றாலும் தாங்குவேன். வரவேண்டாம் என்ற சொல்லை மட்டும் தாங்கமாட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பாரத்தைக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு கேள்வி, கூடப்பிறந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்களா, என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று. அத்தான், "அதை வெறுமனே விடும், தேவையில்லாத கதை" என்றார். நான் கேட்கவில்லை. சம்பந்தம் பேசப் போனால்கூட நம் ஆட்கள் முதலில் இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்றுதானே தொடங்குவார்கள்? ஆள் இல்லாத இடத்துக்குப் போகிறவள் இல்லை என்று தெரிந்தால்தான் மதிப்பு. உன் முழுப்பெயர், பிறந்த தேதி, ஹோட்டல் பெயர், தெரு எல்லாம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நிலை என்ற இடத்தில், நீ முன்பு எழுதியபடி, 'உதவி மனேஜர்' என்று போட்டேன்.

ஜூலை 11 நேர்முகம்.

அக்கா


5 ஜூலை 1997

அக்கா,

இதை நீங்கள் வேலை செய்யும் நியூ லின் துணிக்கடைக்கு, உங்கள் பெயருக்குப் போடுகிறேன். அப்பாவுக்கு வாசிக்கவேண்டாம். கடைக்குப் பின்னால் போய் வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

எனக்கு இங்கே இருக்க அனுமதி இல்லை. 94இல் அகதி விண்ணப்பம் போட்டேன். 95இல் மறுத்தார்கள், நாட்டை விட்டுப் போ என்று கட்டளைக் கடிதம் வந்தது. நான் போகவில்லை. எங்கே போவது? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறவனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் எழுதவேண்டியதில்லை. என்னோடு வழக்குப் போட்ட பெடியன் ஒருவனைப் போன வருடம் ஏற்றி அனுப்பினார்கள். அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. இந்த ஏப்ரலிலிருந்து சட்டம் இன்னும் இறுகிவிட்டது.

நான் உதவி மனேஜர் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிறேன், படுக்கை விரிப்புத் துவைக்கிறேன். முதலாளி குஜராத்திக்காரர், நல்ல மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் ஒரு மரத்தட்டு இருக்கிறது. அதில் பயணிகள் எடுத்துப் போக இலவசத் துண்டுப்பிரசுரங்கள்: கிரேக்கக் கோயில், வாத்து, அருவி, ஏழு மாநிலம் தெரியும் என்று சொல்கிற மலை. திங்கட்கிழமை காலையில் அந்தத் தட்டை நிரப்புவது என் வேலை. மிஞ்சுவதை அறைக்குக் கொண்டுபோய் வாசிப்பேன். வாசித்ததை உங்களுக்கு எழுதினேன். இரண்டு வருடமாக நான் இந்த மோட்டலையும் எதிரே இருக்கும் கடையையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் அட்டை கேட்பார்களோ என்று பயம். போன் அடித்தால் பயம். சீருடை போட்டவன் அறை கேட்டு வந்தால், தபால்காரனாக இருந்தாலும், நான் துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறேன்.

அம்மாவின் செய்தி வந்த அன்று பன்னிரண்டு அறை துப்புரவாக்கினேன். போனால் திரும்பி வர முடியாது, உங்கள் நாட்டுக்கும் என்னை விடமாட்டார்கள். அதை எப்படி எழுதுவது? லீவு என்று எழுதினேன்.

இப்போது நீங்கள் என் பெயரையும் முகவரியையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள். உங்களில் குற்றமில்லை, நான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் நான் இன்று இரவே இங்கிருந்து கிளம்புகிறேன். நாஷ்வில்லில் கண்மணி அக்கா என்று ஒரு நேர்ஸ், ஒருமுறை குடும்பத்தோடு மோட்டலில் தங்கியவர், தமிழ்க் குரல் கேட்டுக் கதைத்தவர். அவருடைய முகவரி பின்பக்கம். கடிதம் வாங்கித் தருவதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டார், அவர்களுடைய அனுமதியே இன்னும் முடிவாகவில்லை.

நேர்முகத்துக்குப் போகவேண்டாம்.

வசீ


18 ஜூலை 1997

என் தம்பி,

உன் கடிதம் 14ஆம் தேதி கடைக்கு வந்தது. நேர்முகம் 11ஆம் தேதி முடிந்துவிட்டது.

திரைச்சீலைத் துணி வெட்டுகிற மேசைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். கூட வேலை செய்கிற கௌரி வந்து, "என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு?" என்று தண்ணீர் தந்தாள். என்னுடைய கையாலேயே உன் கழுத்தில் சுருக்குப் போட்டுவிட்டேன். பெருமைக்கு எழுதினேன் வசீ. என் தம்பி பெரிய ஆள் என்று ஒரு வெள்ளைக்காரனுக்குக் காட்ட எழுதினேன்.

நேர்முகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்து முடிவு செய். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. அங்கே போய் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். எனக்கு உன் கடிதங்கள் எல்லாம் மனப்பாடம். ஈட்டி பிடித்த தெய்வம், பதினொரு மணி வாத்து, ஏழு மாநிலம் தெரியும் மலை, விளக்கு அணைக்கும் குகை என்று ஒப்புவித்தேன். அவர் சிரித்துவிட்டார். தன்னுடைய தாயின் ஊர் மெம்பிஸ் என்றும், தானே அந்த வாத்தைச் சின்ன வயதில் பார்த்ததாகவும் சொன்னார். நான் ஒன்பது நாள் பஸ் சுற்றுலாவுக்குப் பதிந்திருந்த தாளையும் காட்டினேன். பிறகு என் பாரத்தைப் பார்த்து, உங்கள் சகோதரர் நலமா என்றார். நலம், எப்போதும் ஊர் சுற்றிப் பார்த்தபடி இருக்கிறார் என்றேன். அவர் குனிந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. நாலு நாளாக அந்தப் பேனை அசைந்ததுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

விசா தந்துவிட்டார்கள்.

திவசம் நேற்று முடிந்தது. அப்பா எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது உன் பெயரைச் சொல்லி, "அவனுக்காகவும் நானே இறைக்கிறன்" என்றார். உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தேன், பிறகு எள்ளுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். எங்கள் தெருவில் இரண்டு நாளாக ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மருமகனுடையது என்று அத்தான் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

வரவா, விடவா? சுற்றுலா அட்டவணையை இதோடு அனுப்புகிறேன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அக்கா


3 ஆகஸ்ட் 1997

அக்கா,

இவ்வளவு சுலபமாக இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இது பொறி. உங்களை வரவிட்டு, உங்கள் பின்னால் வந்து என்னைப் பிடிக்கப் போகிறார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். இருக்கட்டும். நான் இங்கே நாஷ்வில்லில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவுகிறேன், சாமான் அறையில் படுக்கிறேன். மோட்டலுக்கு யாராவது என்னைத் தேடி வந்தார்களா என்று முதலாளியைக் கேட்கவும் பயம்.

ஆனால் நீங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டுப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு அதையும் தாங்க முடியாது. ஆகவே யோசித்து ஒரு வழி கண்டேன். அட்டவணையில் செப்டம்பர் 20, சனிக்கிழமை, சட்டனூகா, பிற்பகல் இரண்டரை மணிக்குக் குகை என்று இருக்கிறது. நான் தனியாக டிக்கெட் எடுத்து அதே கூட்டத்தில் வருவேன். தலையில் தொப்பி. என்னைத் தேடாதீர்கள், யாரையும் உற்றுப் பார்க்காதீர்கள். வரிசையில் கடைசிக்குக் கிட்ட நில்லுங்கள். வழிகாட்டி விளக்கை அணைத்ததும் இடது கையைப் பின்னால் நீட்டுங்கள். பிடிப்பது நானாக இருப்பேன். அந்த இருட்டுக்குள் எவனும் எங்களைப் பார்க்க முடியாது. விளக்கு வருவதற்குள் கையை விட்டுவிடுவேன்.

என்ன நடந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். உங்கள் முகத்தை நான் கண்டால் அழுதுவிடுவேன், பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்தக் குகையும் எனக்குக் காகிதத்தில்தான் தெரியும். அதில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வசீ


மவுண்ட் ரோஸ்கில்
27 செப்டம்பர் 1997

என் கண்ணே வசீ,

முந்தாநாள் வந்து சேர்ந்தேன். வந்தவுடன் எழுத உட்கார்ந்தேன், இன்றுதான் முடிகிறது.

லொஸ் ஏஞ்சலிஸில் பையைத் திறந்தார்கள். அம்மாவின் திவசத்துத் திருநீற்றை அப்பா காகிதத்தில் மடித்து உனக்கென்று தந்திருந்தார். வெள்ளைத் தூளைப் பார்த்ததும் சுங்க அதிகாரியின் முகம் மாறிவிட்டது. மோந்து பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான். நான் ஒரு விரலால் தொட்டு நெற்றியில் பூசிக் காட்டினேன். அரைமணி நேரம் கழித்துத் திருப்பித் தந்தான். அப்போதே என்னுடைய உயிரில் பாதி போய்விட்டது.

சுற்றுலாவில் எல்லோரும் கிழவர் கிழவிகள். வாத்தைக் கண்டேன், அம்மனைக் கண்டேன். நீ எழுதினது ஒவ்வொன்றும் சரி. ஒவ்வோர் இடத்திலும் என் பின்னால் வருகிறவன் யார் என்று பார்த்தபடி நின்றேன். நீலச் சட்டைக்காரன் ஒருவனை இரண்டு ஊரில் கண்டேன். பிறகு பார்த்தால் அவன்தான் எங்கள் பஸ்ஸின் மாற்றுச் சாரதி.

சனிக்கிழமை அந்த லிஃப்டில் ஏறினேன். கண்ணை மூடவில்லை, நிமிர்ந்தால் உன்னைத் தேடத் தோன்றும் என்று தரையைப் பார்த்தபடி நின்றேன். கீழே ஒரே ஈரம். சுவர் இரண்டு தோளிலும் முட்டியது. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இதில் எது உன்னுடைய சப்பாத்து என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. பிறகு விளக்கு அணைந்தது.

அப்படி ஓர் இருட்டை நான் பதுங்குகுழியிலும் கண்டதில்லை. கையைப் பின்னால் நீட்டினேன். ஒன்றுமில்லை. பிறகு நீ பிடித்தாய்.

உன்னுடைய கை எவ்வளவு பெரிதாகிவிட்டது! வேர்த்து ஒழுகியது, நடுங்கியது. கோப்பை கழுவிக் கழுவித் தோல் கரடுமுரடாகிப் போயிருக்கிறது. திருநீற்றுப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து உன் விரல்களை மடக்கினேன். நீ இறுக்கிப் பிடித்தாய். "பயப்படாதை" என்று வாய்க்குள் சொன்னேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ தெரியாது. விளக்கு வர முன்பே விட்டுவிட்டாய். எல்லோரும் அருவியைப் பார்த்து ஆ என்றார்கள். நான் அருவியைப் பார்த்து அழுதேன். நீ சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவிடம், "கையைப் பிடிச்சனான் அப்பா. ஆள் நல்லாய் இருக்கிறான்" என்றேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா


நாஷ்வில்
20 செப்டம்பர் 1997, சனிக்கிழமை

அக்கா,

இங்கே இப்போது மணி ஒன்று, அங்கே இரண்டு. நீங்கள் அந்தக் குகை வாசலில் நிற்பீர்கள். நான் இங்கே தபால் கந்தோரில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் பஸ் நிலையம் போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். சட்டனூகா பஸ் நின்றது, சனம் ஏறியது. ஏறுகிற வாசலில் சீருடையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். யாரைப் பார்க்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவன் கோப்பி குடித்தான். மற்றவன் சிரித்தான். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோது பஸ் போய்விட்டது, அவர்களும் போய்விட்டார்கள்.

நீங்கள் இருட்டில் கையை நீட்டப் போகிறீர்கள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அம்மாவுக்கும் வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. நான் ஒரு கோழை அக்கா. வேறு பெயர் இதற்கு இல்லை.

கடை முகவரி எழுதிய தாள் சாமான் அறையில் கிடக்கிறது. எனக்கு மனப்பாடம் வீட்டு முகவரிதான். அதற்கே போடுகிறேன். அப்பாவுக்கு வாசிக்கும்போது வேறு ஏதாவது சொல்லுங்கள்.

வசீ


மவுண்ட் ரோஸ்கில்
6 அக்டோபர் 1997

வசீ,

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் உன் கடிதம் வீட்டுக்கு வந்தது. வந்து பார்த்தால் அப்பா உறையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் இருக்கிறார். உடைக்கவில்லை. பூதக்கண்ணாடி கையில் இருந்தது.

"பிள்ளை, நீ அவன்ர கையைப் பிடிச்சது எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை, அப்பா."

"எந்த ஊர்?"

"சட்டனூகா."

"அப்ப அதே சனிக்கிழமை பின்னேரம் நாஷ்வில்லிலை முத்திரை குத்தின காகிதம் ஆர் போட்டது?"

அவர் மடியிலிருந்த உறையை வாங்கினேன். உடைத்து வாசித்தேன். மாற்றி வாசிக்க நினைத்தேன், முடியவில்லை. எழுதினபடியே வாசித்தேன். பிறகு நீ கடைக்குப் போட்டதைப் பற்றியும் சொன்னேன். உன்னுடைய அனுமதி, மோட்டல், துண்டுப்பிரசுரம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று பயந்தேன். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துத் திறந்தார். இரண்டு வருடமாக நீ போட்ட உறைகள் அத்தனையும் அடுக்காக இருந்தன. "மெம்பிஸ் எண்டு எழுதுவான், முத்திரை குக்வில். மலை எண்டு எழுதுவான், குக்வில். ஊர் சுத்திற பெடியன்ர காகிதம் ஒரே கந்தோரிலை இருந்து வருமோ? அவன் எங்கையோ ஒளிச்சிருக்கிறான் எண்டு எனக்கு அப்பவே தெரியும். நான் கேட்டால் உனக்குப் பயம் வரும் எண்டு கேக்கேல்லை" என்றார். அதனால்தான் ஆள் ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும் என்று நச்சரித்திருக்கிறார். நானும் அவரை ஏமாற்றினேன், நீயும் ஏமாற்றினாய், அவர் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்தக் கை யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வந்த கிழவர்களில் ஒருவரோ, வேறு யாரோ. இருட்டில் பயந்துபோய், கிடைத்த கையைப் பிடித்த ஒரு மனிதன். அம்மாவின் திவசத்துத் திருநீறு எந்த வீட்டில், எந்தச் சட்டைப் பையில் கிடக்கிறதோ. முதல் நாள் இரவு அதை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. இப்போது இல்லை. அவனும் நடுங்கினான் வசீ. உன்னைவிடக் கூட நடுங்கியிருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

உன்னைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். நீ இனிமேல் அப்படி எழுதினால் கையெழுத்துப் போட்ட இடத்தைக் கிழித்துத் திருப்பி அனுப்புவேன். அத்தான் இங்கே ஹென்டர்சனில் ஒரு வக்கீலைக் கண்டு கதைத்திருக்கிறார். நான் குடியுரிமை எடுத்த பிறகு ஏதாவது வழி இருக்குமா என்று பார்ப்பதாகச் சொன்னாராம். இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. உன் முகவரியைத் தேடி யாராவது வந்தார்களா என்று எங்களுக்கும் தெரியாது. பயம் போகவில்லை, போன் அடித்தால் இப்போதும் அத்தானைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

அப்பா எழுதச் சொன்னது இது, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "இடம் ஒண்டும் எழுதத் தேவையில்லை. எழுத ஏலாட்டில் வெறும் உறையைப் போடு. முத்திரையிலை திகதி இருக்கும். அது காணும் எனக்கு, பிள்ளை இருக்கிறான் எண்டு."

அக்கா


சட்டனூகா
25 அக்டோபர் 1997, சனிக்கிழமை

அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

அப்பா, முதலில் முத்திரையைப் பாருங்கள். பிறகு வாசிக்கச் சொல்லுங்கள்.

காலை பஸ்ஸில் வந்தேன். வாசலில் இன்றைக்கும் சீருடையில் ஒருவன் நின்றான். அவனுக்கு முன்னால் நடந்து ஏறினேன். அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் மரங்கள் சிவந்து கிடந்தன, துண்டுப்பிரசுரத்தில் அந்தச் சிவப்பு இவ்வளவு இல்லை.

குகைக்குள் இரண்டரை மணிக் கூட்டத்தோடு போனேன். சுவர் இரண்டு தோளிலும் முட்டுகிறது, அக்கா எழுதினது சரி. விளக்கை அணைத்தார்கள். நான் இடது கையைப் பின்னால் நீட்டினேன். ஒருவரும் பிடிக்கவில்லை. ஆனாலும் மடக்கவில்லை, நீட்டியபடியே நின்றேன்.

விளக்கு வந்தது. எல்லோரும் அருவியைப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அக்கா.

வசீகரன்